தம்பியின் மலிவுத் துவக்கு

பூசணிக்காய் வெட்ட ஒரு நல்ல கத்தி வேண்டியிருந்தது. தைப்பொங்கலுக்கு முன்னர் ஒரு நாள், ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன். நாமே சாமானைக் காட்டி நாமே காசு கட்டுகிற மெஷினில் கத்தியை வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றுவிட்டது. வயது தெரிய வேண்டுமாம். என் தலை நரைத்து வெகுகாலம். பேரப்பிள்ளை வேண்டும் என்று மகளை நச்சரிக்கிற வயது. ஆனாலும் மெஷின் நம்பவில்லை. என் மகளை விடச் சின்னப் பெண் ஒருத்தி வந்து, என் முகத்தை ஒரு கணம் பார்த்து, திரையைத் தட்டி அனுமதி கொடுத்தாள். மரியாதைக்கு, "புதுக் கத்தி, ஏதும் விசேஷமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "என் தம்பி வருகிறான், எத்தனையோ வருஷமாகக் காத்திருக்கிறேன்" என்றேன். தம்பி வருகிறான் என்றால் கத்தி சமையலுக்குத்தான் என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவள் என்னைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள், மெல்ல இரண்டடி பின்னால் போனாள். விளங்கப்படுத்த எனக்குத் தெம்பு இருக்கவில்லை. வேலை முடிந்து வந்த களைப்பு. கத்தியைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

இதில் ஒரு பகிடி இருக்கிறது. நாள் முழுக்க மற்றவர்களை நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைத் திரையில் பார்க்கிற வேலை. செம்மஞ்சளும் பச்சையும் நீலமுமாகச் சப்பாத்துகள், சீப்புகள், குழந்தைப் பால்மா டின்கள் என் கண் முன்னால் ஊர்ந்து போகும். நாங்கள் தூங்கிவிடாமல் இருப்பதற்காக மெஷினே இடைக்கிடை யாரோ ஒருவருடைய பைக்குள் பொய்யாக ஒரு கைத்துப்பாக்கியின் படத்தைப் போட்டுவிடும். கண்டுபிடித்துப் பொத்தானை அமத்தினால், சபாஷ், இது வெறும் சோதனை என்று திரை சொல்லும். இத்தனை வருஷத்தில் லண்டனில் நான் பார்த்த துவக்குகள் எல்லாம் அப்படியான பொய்த் துவக்குகள்தான். உண்மையானது ஒன்றைக்கூட நான் பிடித்ததில்லை. தெருவில் பொலிஸ்காரன்கூட வெறுங்கையுடன் போகிற நாடு இது. விமான நிலையத்தில் மட்டும் பெரிய துவக்கோடு நிற்பார்கள். வந்த புதிதில் அவர்களைக் கண்டால் என் கைகள் தானாக உயரப் பார்க்கும். இப்போது அவர்களில் ஒருவர் எனக்கு டீ வாங்கி வருகிறார். மனிதர் எதற்கும் பழகிவிடுவார்.

என் தம்பி தயாளன் அமெரிக்காவில் இருக்கிறான். ஒகாயோ மாநிலத்தில் ஒரு சிறு பட்டணம். பெயர் வேண்டாம், அவனிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெற்றோல் நிலையத்தோடு சேர்ந்த கடை ஒன்றைப் பொறுப்பாக நடத்துகிறான். அந்தப் பக்கத்தில் இன்னொரு கடைக்காரரைச் சுட்டுவிட்டார்கள் என்றதும், முதலாளி இவனைக் கூப்பிட்டு, இனி நீ இடுப்பில் ஒன்று வைத்துக்கொள் என்றாராம். சட்டைக்கு அடியில் மறைத்து வைத்திருக்க அங்கே அனுமதி உண்டு. என் தம்பி சாமான் வாங்குகிற விதம் எனக்குத் தெரியும். செருப்பானாலும் ஃபோனானாலும் கடையில் உள்ளதிலேயே மலிவானதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டுப் பிறகு வருஷக்கணக்காக அதோடு சண்டை பிடிப்பான். கைத்துப்பாக்கியையும் அப்படித்தான் வாங்கினான். வீடியோ கோலில் எனக்குக் காட்டினான். உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்பு நிறச் சாமான். "விலைக்குப் பரவாயில்லை எண்டு கடைக்காரன் சொன்னவன் அக்கா" என்றான். விலைக்குப் பரவாயில்லை என்று சொல்லி ஒரு பிளெண்டரை விற்கலாம். உயிரைக் காக்கிற சாமானை எப்படி அப்படிச் சொல்லி விற்கிறார்கள் என்று நான் கேட்டேன். அவன் சிரித்துவிட்டுக் கதையை மாற்றினான்.

பிறகு கதை கதையாக வந்தது. சுட்டுப் பழகுகிற இடத்துக்குக் கொண்டுபோனால் முதல் சில குண்டுகள் ஒழுங்காகப் போகுமாம். பிறகு வெடித்த குண்டின் வெறுங்கோது வெளியே விழாமல், கதவிடுக்கில் விரல் மாட்டினது போலப் பாதியில் கடிபட்டு நிற்குமாம். தட்டி இழுத்து எடுத்தால் மறுபடி சில குண்டுகள் போகும், மறுபடி நிற்கும். பழக்குகிற வெள்ளைக்காரர் சொன்னாராம், நூற்றுக்கணக்கில் சுட்டுப் பார், ஒன்றும் சிக்காமல் போனால்தான் அதை நம்பலாம், அதுவரைக்கும் அது துவக்கு இல்லை, வெறும் இரும்பு என்று. குண்டு என்ன சும்மாவா கிடைக்கிறது? தயா நிறுத்திவிட்டான். அவன் மனைவி சுமதி ஒரு நாள் ஃபோனில் என்னிடம் அழுதாள். "மச்சாள், வேண்டாத நேரம் வெடிச்சிடுமோ எண்டு எனக்குப் பயம். வேண்டிய நேரம் வெடிக்காமல் விட்டிடுமோ எண்டு அவருக்குப் பயம். இந்த ரெண்டு பயத்தையும் நடுவிலை வைச்சுக்கொண்டுதான் சாப்பிடுறம்" என்றாள்.

எங்கள் வீட்டில் யாரும் துவக்கைத் தொட்டதில்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் வளர்ந்த காலத்தில் துவக்கு எப்போதும் அடுத்தவர் கையில்தான் இருந்தது. சில வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கை மாறும், எங்கள் கை மட்டும் மேலே உயர்ந்தபடியே இருக்கும். சோதனைச் சாவடியில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. சாக்குத் திரைக்குப் பின்னால் ஒரு பெண் சிப்பாய் என் சட்டையைத் தடவிப் பார்ப்பாள். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். இன்றைக்கு நான் அதே வேலையைக் கையுறை போட்டுக்கொண்டு, பிளீஸும் தேங்க்யூவும் சேர்த்துச் செய்கிறேன். அதை நினைத்தால் சில நாட்களில் சிரிப்பு வரும், சில நாட்களில் கழிவறைக்குள் போய் முகம் கழுவ வேண்டியிருக்கும். துவக்குப் பிடிக்கிற பக்கமும் வேண்டாம், துவக்குக்கு முன்னால் நிற்கிற பக்கமும் வேண்டாம் என்றுதான் அப்பா எங்கள் இருவரையும் ஆளுக்கொரு திசையில் வெளியே அனுப்பினார். அப்படிக் காப்பாற்றி அனுப்பிய பிள்ளை, கடைசியில் தானாகவே ஒன்றை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான். அந்தக் கோபம் எனக்கு இருந்தது, இன்னும் இருக்கிறது.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னர் திடீரென்று மூன்று வார லீவு போட்டுவிட்டுத் தனியாக லண்டனுக்கு வருகிறேன் என்றான். காரணம் கேட்டேன், சும்மாதான் என்றான். பயணிகள் வெளியே வருகிற வாசலில் அவனைக் கண்டபோது, அவனா என்று ஒரு கணம் தயங்கினேன். மெலிந்திருந்தான். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் பின் சீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் திடீரென்று கத்திச் சிரித்தார்கள். தயாவின் வலது கை சட்டென்று இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கையை என்ன செய்வது என்று தெரியாமல் பெல்ட்டைச் சரிசெய்வது போலச் செய்தான். அடுத்த சில நாட்களும் அதையேதான் செய்தான். தபால்காரர் கதவைத் தட்டினால் இடுப்புக்குப் போகும் கை. குக்கர் விசிலடித்தால் போகும். என் கணவர் பகிடியாக, "இஞ்சை ஆரும் உம்மைச் சுடமாட்டினம், ரிலாக்ஸ் பண்ணும்" என்றார். தயா சிரிக்கவில்லை.

பொங்கல் முடிந்த மறுநாள் பகல், கணவர் வேலைக்குப் போன பிறகு, குசினி மேசையில் இருந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தோம். கேட்காமலே சொல்லத் தொடங்கினான். நடந்தது மார்கழியில், கடுங்குளிர் நாள் ஒன்றில். தடித்த கோட்டுக்கு அடியில் இடுப்பில் இருந்தால் எடுக்க ஏலாது என்று துவக்கைக் கோட்டின் வெளிப் பொக்கெட்டில் போட்டிருந்தானாம்.

"வெளியிலை ஐஸ் உருக உப்புப் போட்டிட்டு அப்பதான் உள்ளை வந்தனான். கோட்டும் கழட்டேல்லை. ஒருத்தன் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வாறான். முகம் முழுக்க மூடிக் கிடக்குது. கையிலை இரும்பு. கத்திக்கொண்டு வாறான். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை அக்கா."

"பிறகு?"

"கை பொக்கெட்டுக்குள்ளைதான் கிடந்தது. வெளியிலை எடுக்கேல்லை. அப்பிடியே அவனுக்கு நேரை பிடிச்சு அமத்தினன்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"டிக் எண்டது. அவ்வளவுதான். வெடிக்கேல்லை."

வந்தவன் கள்ளன் இல்லை. அவனுடைய கார் ஐஸில் வழுக்கித் தெருவோரப் பள்ளத்துக்குள் போயிருக்கிறது. கதவு நெளிந்து திறக்க முடியவில்லை. உள்ளே அவனுடைய சின்ன மகள். டயர் கழற்றுகிற இரும்பால் நெம்பிப் பார்த்து முடியாமல், உதவி கேட்டு ஓடி வந்திருக்கிறான். குளிருக்கு முகத்தை மூடியிருந்தான். பயத்தில் கத்தினான். தயா பொக்கெட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டு அவனோடு ஓடினான். இருவரும் சேர்ந்து கதவைப் பெயர்த்துப் பிள்ளையை வெளியே எடுத்தார்கள். ஒரு காலில் சப்பாத்து இல்லாமல் அழுதுகொண்டு வந்ததாம் அந்தப் பிள்ளை. தகப்பன் அந்த இடத்திலேயே தயாவைக் கட்டிப் பிடித்திருக்கிறான். இருவருக்கும் நடுவில், கோட்டுப் பொக்கெட்டில், அந்தத் துவக்கு இருந்திருக்கிறது. தனக்கு என்ன நடக்க இருந்தது என்று அந்த மனிதனுக்கு இன்றுவரை தெரியாது. ஒவ்வொரு காலையும் கடைக்குக் கோப்பி வாங்க வந்து, நிற்கிற எல்லாரிடமும் இந்த மனிதன்தான் என் மகளைக் காப்பாற்றினவன் என்று சொல்கிறானாம்.

"என்ரை கையைப் பிடிச்சுக் குலுக்கிறான் அக்கா. அந்த விரலையும் சேர்த்துத்தான் பிடிக்கிறான்" என்றான் தயா. அவன் லீவு போட்டுவிட்டு வந்தது அந்தக் கைகுலுக்கலிலிருந்து தப்பத்தான் என்று எனக்கு விளங்கியது. சுமதிக்கும் சொல்லவில்லையாம்.

நான் நினைத்தேன், இனி அந்தச் சனியனை எறிந்துவிடுவான் என்று. ஆனால் அவன் ஃபோனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். வேறொரு கைத்துப்பாக்கி. "இது நல்ல கொம்பனி. எந்த நிலைமையிலும் சிக்காதாம், பிழைக்காதாம். திரும்பிப் போனதும் இதை எடுக்கப் போறன்" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

"உனக்கென்ன விசரே? அண்டைக்கு உன்னட்டைப் பிழைக்காத துவக்கு இருந்திருந்தா அந்தப் பிள்ளைக்கு இப்ப தகப்பன் இல்லை."

"ஓம். எனக்குத் தெரியாதே? ஆனா வந்தவன் உண்மையாக் கள்ளனா இருந்திருந்தா உங்களுக்குத் தம்பி இல்லை."

கத்தி வாங்க வயது கேட்கிற நாட்டில் இருந்துகொண்டு நான் அவனுக்கு என்ன சொல்ல முடியும்? அந்தக் கடையை விட்டுவிடு என்றேன். வேறு வேலை தேடுகிறேன் என்றான். இரண்டு பேருக்கும் தெரியும், அவன் தேடுவான், அவன் வயதுக்கு ஒன்றும் கிடைக்காது. பூசணிக்காய் பாதி வெட்டினபடியே கிடந்தது. முழுவதும் வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை காலையில்தான் அது நடந்தது. தயா முகம் கழுவிவிட்டுக் குசினிக்கு வந்து, "அக்கா, தலைக்குக் கொஞ்சம் எண்ணெய் தாங்கோ" என்றான். தேங்காய் எண்ணெய்ப் போத்தல் யன்னல் ஓரத்தில் நின்றது. லண்டனில் இருக்கிற நம்மவர்களுக்கு இது புதிது இல்லை, ஐப்பசி வந்தாலே அது மெழுகுதிரி மாதிரி வெள்ளையாகக் கட்டிபட்டுவிடும். கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஒரு சட்டியில் ஊற்றி, போத்தலை அதற்குள் நிற்க வைத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, திரும்பிப் பார்த்தால் தயா போத்தலைச் சட்டியிலிருந்து எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஒரு சொட்டும் விழவில்லை. அவன் முகத்தில் ஒரு மாதிரியான வெறிப்பு.

"என்னடா?"

"இது இப்பிடிக் கட்டிபடுமோ?"

"குளிருக்குக் கட்டிபடாமல்? அங்கை அமெரிக்காவிலை என்ன செய்யுது?"

"வீட்டுக்குள்ளை ஹீற்றர் எப்பவும் கூடவாத்தான் கிடக்கும். சுமதி அடுப்புக்குப் பக்கத்திலைதான் வைக்கிறவள். நான் கட்டிபட்டுக் காணேல்லை." போத்தலை மேசையில் வைத்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தான். "அக்கா, நான் இதைத்தான் துவக்குக்குப் போட்டனான்."

கோது சிக்குகிறது, சிக்குகிறது என்று அலுத்துப்போய், எண்ணெய் விட்டால் சரியாகும் என்று நினைத்திருக்கிறான். துவக்கோடு வந்த குட்டி எண்ணெய்ப் போத்தல் முடிந்துவிட்டது. காது குடைகிற பஞ்சுக்குச்சியால் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு உள்ளே, மூலை முடுக்கெல்லாம் பூசியிருக்கிறான். பூசினபோது அது தண்ணீர் மாதிரி இருந்தது. உப்புப் போட வெளியே நின்ற நேரம், வெளிப் பொக்கெட்டில், உள்ளே இருந்த ஊசி எண்ணெயோடு சேர்ந்து இறுகிப்போய்விட்டது. குண்டின் பின்பக்கத்தை அது தட்டின தட்டில் பலம் இல்லை. வெறும் டிக்.

யாராவது அமெரிக்கன் இதைச் செய்வானா? மாட்டான். இது எங்கள் ஆட்கள் மட்டும் விடக்கூடிய பிழை. யாழ்ப்பாணத்துக்குள் எந்தச் சாமானும் வரவிடாமல் தடை போட்டிருந்த வருஷங்களில் மெஷின் எண்ணெய் என்று ஒன்றை நாங்கள் கண்ணால் காணவில்லை. அப்பா ஒரு கோழி இறகைத் தேங்காய் எண்ணெயில் தோய்த்து சைக்கிள் செயினுக்குப் பூசுவார். அம்மாவின் தையல் மெஷினுக்கும் அதே இறகு, கதவுப் பிணைச்சலுக்கும் அதே இறகு. மிஞ்சினதைத் தயாவின் தலையில் துடைத்துவிடுவார். எல்லாம் சுற்றியது, எல்லாம் திறந்தது. அங்கே அது ஒருநாளும் இறுகியதில்லை. எண்ணெய் என்றால் அது ஒன்றுதான் என்று அவன் கை படித்துவைத்திருக்கிறது. தையல் மெஷினுக்குச் செய்ததைத்தான் அவன் துவக்குக்கும் செய்தான்.

தயா சிரித்தான். லண்டனுக்கு வந்த பிறகு அவன் சிரித்தது அப்போதுதான். சிரித்துக்கொண்டே இருந்து பிறகு அழுதான். "நான் அந்தத் துவக்கைத் திட்டிக்கொண்டெல்லோ திரிஞ்சனான்" என்றான். நான் அவன் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு போத்தலைத் திரும்பச் சட்டிக்குள் வைத்தேன், ஓரத்தில் எண்ணெய் மெல்ல உருகத் தொடங்கியது. அவனுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டது நான்தான், அவன் மறுக்கவில்லை.

அவன் திரும்பிப் போகிற நாள் எனக்கு வேலை. என்னுடைய வரிசைக்கு அவன் வரக்கூடாது என்று நானே சொல்லி வேறு பக்கம் அனுப்பினேன். இரத்த உறவுக்காரரை நாங்கள் சோதிக்கக் கூடாது. தூரத்திலிருந்து பார்த்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் போய் நின்றதும், யாரும் சொல்ல முதலே அவனுடைய இரண்டு கைகளும் மேலே உயர்ந்தன. சின்ன வயதில் சாவடியில் உயர்ந்த அதே மாதிரி, முழங்கை மடியாமல். புதுத் துவக்கு வாங்குவாயா, மாட்டாயா என்று நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் அவன் ஒரு பதில் சொல்வான், அந்தப் பதிலோடு நான் இங்கே வாழ வேண்டும். நான் திரும்பி என் திரையைப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய பைக்குள் ஒரு பொய்த் துவக்கு வந்தது. பொத்தானை அமத்தினேன். சபாஷ் என்றது.

மாசி மாதம் அவனே ஃபோனில் சொன்னான். "அக்கா, புதுசு வாங்கேல்லை. பழசுதான் கிடக்குது."

"நல்லாத் துடைச்சுச் சுத்தமாக்கினனியோ?"

"துடைக்கேல்லை. தேங்காய் எண்ணெயை வடிவாப் பூசித்தான் வைச்சிருக்கிறன். முதலாளிக்கு என்னட்டை ஒண்டு கிடந்தாச் சரி. வாற கள்ளனுக்கு அது வெடியாது எண்டு தெரியாதுதானே."

கள்ளன் சுட்டால் இவனிடம் ஒன்றும் இல்லை. அதை அவனும் அறிவான். மலிவுத் துவக்கை ஒருநாளும் நம்பாத என் தம்பி, அது கட்டாயம் பிழைக்கும், வெடிக்காது என்பதை மட்டும் இப்போது நம்புகிறான். ஒரு சாமானை இப்படி நம்பலாம் என்று நான் நினைத்ததே இல்லை. அன்றிலிருந்து என் ஃபோனில் மூன்று ஊர்களின் காலநிலை இருக்கிறது. ஹவுன்ஸ்லோ, அவனுடைய பட்டணம், யாழ்ப்பாணம். தேநீர் இடைவேளையில் அவற்றைத்தான் பார்க்கிறேன். அங்கே பனி என்றால், எண்ணெய் இறுகிக் கிடக்கும் என்று மனம் ஆறுகிறது. உலகத்தில் எந்த அக்கா தன் தம்பி ஊரில் குளிர் விடக்கூடாது என்று வேண்டுவாள்? நான் வேண்டுகிறேன்.

நேற்று வேலை முடிந்து பிற்பகலில் வீட்டுக்கு வந்தேன். வைகாசி வெயில், குசினி யன்னலுக்குள்ளே விழுந்து கிடந்தது. எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தேன். மேலே தெளிந்த தண்ணீராக இருந்தது, அடியில் இன்னும் வெள்ளையாக இறுகிக் கிடந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் ஃபோனை எடுத்துத் தம்பிக்கு அடித்தேன். அங்கே காலை, கடை திறந்திருக்கும் நேரம். முதல் மணியிலேயே எடுத்தான். பின்னால் கோப்பி மெஷின் இரைந்தது, யாரோ ஒரு மனிதன் சத்தமாகச் சிரித்தான், ஒரு சின்னப் பிள்ளை ஏதோ கேட்டது. தம்பி சுகம் கேட்கவில்லை, சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

"உங்கை லண்டனிலை உருகீட்டுதோ அக்கா?" என்றான்.

போத்தலை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தேன்.

"பாதி" என்றேன்.